கரிசலில் கட்டாத கப்பல்

கட்டடத் தொழில் படிக்கிற பிள்ளைகள் நீங்கள், நான் கட்டிய கட்டடங்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவை நின்றுகொண்டுதான் இருக்கின்றன, பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நூற்பாலைக் கொட்டகைகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு மருத்துவமனை, கணக்கில்லாத சுற்றுச்சுவர்கள். நான் சொல்ல நினைப்பது, எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்தும் ஒரு செங்கல்கூட வைக்காமல் போன ஒன்றைப் பற்றி. அது ஒரு கப்பல். சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ராஜபாளையத்துக்காரர்கள் அப்போதே வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான்.

எண்பதுகளின் கடைசி அது. அதற்கு முன்னால் பதினொரு வருடம் நான் ஒரு துறைமுக ஊரில், கப்பல் கட்டும் தளத்தில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டாள். திரும்பிப் போயிருக்கலாம். அங்கேயும் எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை என்பதால் எங்கே இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை, நாற்பதைத் தாண்டியாயிற்று. ராஜபாளையத்தில் ஒரு கட்டடக் காண்டிராக்டரின் ஆபீசில் மில் கொட்டகைகளுக்கு பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் டவுன் பஸ், மாலையில் டவுன் பஸ். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் "இன்னொரு தோசை" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு எனக்கு முடிந்துவிடும். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது, அதனால் சொல்கிறேன்.

ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்க ஒருவர் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் குடை. ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்தில் வைக்கும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்து அனுப்பும் கம்பெனியின் முதலாளி தங்கையா. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"கப்பல் படம் போடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இங்க இருக்காராமே?" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒரு கப்பல் கட்டணும் தம்பி. தரையில."

விஷயம் இதுதான். முன்பு மதராசிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு ஒரு பயணிகள் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்கத்துச் சனம் ஆயிரக்கணக்கில் அதில் போயிருக்கிறது. தங்கையா இளவயதில் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்து எஸ்தர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து, அதே கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்து அவரை அழைத்துப்போனார். பிற்பாடு இருவரும் ஊர் திரும்பி, நாலு தறியில் ஆரம்பித்து அந்தக் கம்பெனியை வளர்த்தார்கள். பிள்ளைகள் இல்லை. எஸ்தர் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கப்பலையும் ஓட்டத்தை நிறுத்தி உடைத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"கம்பெனி ஆரம்பிச்ச பொறவு அவளும் நானும் சேந்து ஒரு நா சும்மா இருந்ததில்ல தம்பி. தறி, தண்ணி, ஆளு, லாரி. சும்மா இருந்தது அந்தக் கப்பல்ல போன ஏழு நாளுதான். அது இப்ப எங்கயுமே இல்லன்னு சொல்லுதாவ. எனக்கு அது வேணும்."

புதுக்காலத்துக் கப்பலாக அது இருக்க வேண்டும் என்றார். கான்கிரீட்டில் கட்டி, கீழே ஊர்ச்சனத்துக்குக் கல்யாண மண்டபம், நடுவில் தங்கும் அறைகள், எல்லாவற்றுக்கும் மேலே பழைய கப்பலில் இருந்தபடியே திறந்த தளம். ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு கண்மாயை ஒட்டி அவருக்கு நிலம் இருந்தது. ஐப்பசியில் கண்மாய் நிறைந்தால் மேல்தளத்திலிருந்து மூன்று பக்கமும் தண்ணீர்தான் தெரியும். அதற்காகவே அந்த நிலத்தை அவர் மனத்தில் குறித்துவைத்திருந்தார்.

எங்கள் காண்டிராக்டர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முடிந்தால் வரைந்து கொடு, ஆபீஸ் வேலை கெடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இந்த வேலை சாயங்கால வேலையாயிற்று. ஐந்தரை மணிக்கு ஆபீஸை விட்டால் நேரே தங்கையாவின் வீடு. காஸ் கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. துணி வெளுக்கும் சலவைக்காரம் மணக்கும் முன்னறையில் பெரிய சாப்பாட்டு மேசை. அதன்மேல் தாளை விரித்து நான் வரைவேன், அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். காப்பி வரும். ஏழரைக்கு "செத்த இருங்க தம்பி, இட்லி வருது" என்பார். எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.

பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார். "கப்பல்காரரே, டிக்கெட் எங்க? பினாங்குக்கா, வில்லிபுத்தூருக்கா?" பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ ஒருவர் என்னை எதிர்பார்த்துக் கேலிக்கு ஒரு வார்த்தை வைத்திருந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

நிஜக் கப்பல் நானூற்றைம்பது அடிக்கு மேல். நிலத்தில் இருநூறு அடிதான் கொள்ளும். எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். கப்பலைப் பாதியாக்கலாம், ஏறி வருகிற மனிதனைப் பாதியாக்க முடியாதே. படி, கதவு, கைப்பிடிக் கம்பி எல்லாம் ஆள் உயரத்துக்குத்தான் இருக்க வேண்டும். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் சுருக்கிவிட்டு, எஸ்தர் அம்மா பாய் விரித்த மேல்தளத்து நடுப்பகுதியை மட்டும் முழு அளவில் வைப்பது என்று முடிவு செய்தோம். அந்த இடத்தை அவர் ஞாபகத்திலிருந்துதான் வரைந்தேன்.

"படி இங்க வராது தம்பி. இன்னும் நாலடி அங்கிட்டுத் தள்ளுங்க. எறங்குதவன் காலு அவ தலையில படும்னு நான் பெரிய சண்டை போட்டேம்லா."

"எறங்குனவர் என்ன சொன்னார்?"

"அவன் என்ன சொல்ல? இவதான் என்னைய வஞ்சா. புதுசா கல்யாணம் பண்ணுன பொண்டாட்டி முன்னால வீரங் காட்டுதீயளோன்னு."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நான் ரப்பரால் அழித்துப் படியை நாலடி தள்ளுவேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வரைந்த கோடுகள் அவைதான்.

மாசி மாதம் மண் பார்க்கப் போனேன். மேலே கரிசல் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஐந்தடியில் கெட்டியான சுக்கான்கல்லோ சரளையோ வந்துவிடும், அதன்மேல் அஸ்திவாரம் நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. குழி வெட்ட மம்சாபுரத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண்ணையும் அவர் புருஷனையும் கூப்பிட்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் கிணறு, அஸ்திவாரம் எது வெட்டினாலும் அவர்கள்தான். ஐந்தடி போயிற்று, கறுப்பு. எட்டடி, கறுப்பு. பன்னிரண்டடியில் ஏணி வைத்து இறங்கினோம். பேச்சியம்மாள் ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து என்னிடம் நீட்டினார். பசைபோல ஒட்டியது.

"இது நிக்காது சார். கோடையில கடப்பாறை முழுசா உள்ள போயிரும், அம்புட்டு வெடிப்பு வுடும். மழ பெஞ்சா ஊதிக்கிடும். எங்க பஞ்சாயத்துல ஒரு செவரு கட்டி ஒரே வருசத்துல ரெண்டாப் பொளந்துது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருநூறு அடி நீளக் கட்டடத்தை அந்த மண்ணில் வைத்தால் ஒரு முனை உயரும்போது மறுமுனை இறங்கும். அடியில் அகன்ற பைல் தூண்களை ஆழமாகப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போடலாம். அன்றைக்கு அந்த ஆழத்துக்கு அதைச் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. மதுரையிலிருந்து வேறு என்ஜினீயர்களைக் கொண்டுவர வேண்டும். அவர்கள் வந்தால் தளத்தின் கனத்தைக் குறை, மேல்தளமே வேண்டாம் என்பார்கள். என் மேசையும் காப்பியும் அன்றோடு சரி. குழிக்குள் நின்றபோதே எனக்கு இவ்வளவும் ஓடியது.

அன்று மாலை சொல்லிவிடத்தான் போனேன். உள்ளே நுழையும்போதே தங்கையா ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். பினாங்கிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் அந்தக் கப்பலின் போட்டோவைத் தேடிப்பிடித்து அனுப்பியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்து மேல்தளத்துப் படியைக் காட்டினார். நாலடி தள்ளியே இருந்தது.

"பாத்தீயளா, நான் சொன்னது சரிதான?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் போனபோது, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் அது இன்னும் கூடியது.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் கவனியுங்கள். கப்பல் தளத்தில் எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த அளவையும் இரண்டு முறை எடுக்காமல் வாயைத் திறக்காதே என்பார். அருமையான பழக்கம். நான் அதை என் கோழைத்தனத்துக்குப் போர்வையாக எடுத்துக்கொண்டேன். ஒரு குழி போதாது, நிலத்தின் மறுமூலையில் இன்னொன்று வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நம் தொழிலில் பொய் சொல்கிறவன் சீக்கிரம் மாட்டிக்கொள்வான். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி என்று சொல்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை, பொறுப்பான ஆள் என்று பாராட்டுவார்கள். என்னையும் பாராட்டினார்கள்.

பங்குனியில் இரண்டாவது குழி. அதே கறுப்பு. பேச்சியம்மாள் மேலே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயாகிட்ட சொல்லிட்டீயளா சார்?"

"சொல்லணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே வாரம்தான் அது நடந்தது. மம்சாபுரம் பக்கம், மலையடிவாரத்தில் சரளை நிலம் வைத்திருந்த ஒருவர் தங்கையாவைத் தேடி வந்தார். அவருக்குப் பருத்தி போடக் கரிசல் வேண்டும். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். கெட்டி மண் அது. மூன்றடியில் பாறை தட்டும், எந்தக் கப்பலையும் சுமக்கும். கண்மாய்த் தண்ணீருக்குப் பதில் மலை தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். பங்குனி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தங்கையா மேசைக்கு எதிரே உட்கார்ந்து நேராகவே கேட்டார். "மாத்திக்கிடலாமா தம்பி? எனக்குத் தண்ணி தெரியணும்னு ஆசை. ஆனா கட்டடம் நிக்குததுதான முக்கியம். நீங்க சொன்னாச் சரி."

ஒரே ஒரு வார்த்தை. மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். மாற்றினால் ஏன் என்று கேட்பார், இந்த மண் நிற்காது என்று எப்போது தெரியும் என்று கேட்பார். அதை நினைத்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னேன்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்யா. இன்னும் ஒரு குழி போட்டுப் பாக்கணும்."

"அப்படியா. நீங்க நிதானமான ஆளு, பாத்துத்தான் சொல்வீய. அப்ப அவசரமில்ல."

பங்குனி முடிந்தது. சித்திரையில் அந்தச் சரளை நிலத்தை ஒரு மில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்கையா அதைச் சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னார், நமக்குத்தான் இங்கே இருக்கிறதே என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு, எப்போதோ முடிந்துபோன ஒரு கைப்பிடிக் கம்பியை மறுபடியும் வரைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது குழியை நான் வெட்டவே இல்லை. நான் மறுக்காததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஆவணியில் அஸ்திவார ஜெபத்துக்கு அவர் நாள் வைத்துவிட்டார். அதற்கு முந்தைய வாரம் இரண்டு தடவை சொல்லப் போனேன். ஒரு தடவை வீட்டில் விருந்தாளிகள். இன்னொரு தடவை யாரும் இல்லை, அவரும் நானும்தான், இட்லி சாப்பிட்டோம். அன்றைக்கும் சொல்லவில்லை.

ஜெபத்தன்று காலை கம்பெனியின் ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். பந்தல், நாற்காலி, ஒருபுறம் சாப்பாட்டு அண்டாக்கள். என் படத்தைப் பெரிதாக நகல் எடுத்து ஒரு பலகையில் ஒட்டி நிறுத்தியிருந்தார். சனம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. போதகர் ஜெபம் செய்து முடித்தார். முதல் குழியை வெட்ட, மண்வெட்டியோடு பேச்சியம்மாளை நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு விஷயம் புரியவில்லை. வேறெங்கோ கட்டப்போகிறார்கள், இங்கே சடங்குக்கு மட்டும் என்று நினைத்திருப்பார்போல.

தங்கையா உற்சாகமாகக் கேட்டார். "எம்புட்டு ஆழம் போவணும் தாயி?"

"எம்புட்டு போனாலும் கருப்புதான்யா. பன்னெண்டு அடி வெட்டிப் பாத்தமே. இதுல கட்டடம் நிக்காதுல்லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார் சொல்லலையா?"

தங்கையா கொஞ்ச நேரம் அந்த மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் தோளில் கை வைத்துக் கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போனார். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்யா."

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்து."

அவர் மனத்துக்குள் மாதங்கள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. பங்குனியில் வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொண்டார். "மம்சாபுரத்து நெலம்" என்றார், கேள்வியாக இல்லாமல்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இனிமே ஒரு நெலம் பாத்து, பேசி, கட்டி, அதுல நான் ஏறி நிக்குத வயசா எனக்கு? ஏன் தம்பி சொல்லல?"

தொழில்முறையில் சொல்ல என்னிடம் எல்லாப் பதிலும் தயாராக இருந்தது. இரண்டு குழி போதாது, மூன்றாவது பாக்கி, மழைக்காலத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைத்தேன் என்று அடுக்கியிருக்கலாம். அதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சொல்லிட்டா வேல முடிஞ்சிரும்யா. பொறவு சாயங்காலம் நான் எங்க போவேன்னு தெரியல."

அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். அடிப்பார் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுக்குக் கப்பல் எதுக்குத் தம்பி?" என்றார். "சும்மா வந்திருக்கலாமே. நானும் ஒத்தையாத்தான கெடந்தேன்."

சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார். சாப்பாடு ஆறுகிறது, எல்லாரும் உட்காருங்கள் என்று ஆட்களைக் கூப்பிட்டு அவரே இலை போட ஆரம்பித்தார். நான் கண்மாய்க்கரை வழியாகவே நடந்து ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீங்கள் எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். மண்ணைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கு இப்போது உங்களிடம் எந்திரம் இருக்கிறது. வேலை கொடுத்தவரிடம் கெட்ட செய்தியைச் சொல்ல முடியாமல் நிற்கும்போது, எதை இழக்கப் பயந்து நிற்கிறோம் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை அது வேலையும் இல்லை, பெயரும் இல்லை. மூன்று மணி நேரப் பேச்சுத் துணைக்காக ஒரு மனிதருடைய கடைசி ஆசையை நான் பங்குனி மாதத்தில் கெடுத்தேன்.

அவர் என்னை வராதே என்று சொல்லவில்லை. யாரிடமும் என்னைப் பற்றித் தவறாகப் பேசவும் இல்லை. நாலு வருடம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த நாலு வருடமும் அவர் அதே வீட்டில், அதே முன்னறையில்தான் இருந்திருக்கிறார். எங்கள் ஆபீசிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியிலேயே அவர் வீடு. தினமும் ஐந்தரை மணிக்கு ஆபீஸை விட்டு இறங்கியதும், நான் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் ஏறினேன்.